இங்கே: ஓர் இலத்தீன் சொல்லும் நாம் வாழும் இடமும்

வானொலி மறையுரை – தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு



சில மாதங்களுக்கு முன் நம் பகுதியிலிருந்து ஒரு குழுவினர் திருநாட்டுக்குத் திருப்பயணம் சென்று வந்தனர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள், மீன் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்கள் எனப் பல ஆண்டுகளாகச் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்துப் போனவர்கள் அவர்கள். திரும்பி வந்ததும் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் கைபேசியில் எடுத்த படங்களை எங்களிடம் காட்டினார்கள். பெத்லகேமில் தரையில் பதித்திருக்கும் வெள்ளி விண்மீன் ஒரு படம். நாசரேத்தில் குகைக்குள் இருக்கும் பீடம் இன்னொரு படம். அவர்களில் வயதான ஒரு தாய் இரண்டு படங்களையும் மாறி மாறித் தள்ளிக் காட்டி, “சாமி, ரெண்டுலயும் இந்த மூணு எழுத்து இருக்குது பாருங்க. இது யாரோட பேரு?” என்று கேட்டார். அவருக்கு அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாது. படகின் எண்ணை அடையாளம் வைத்துக்கொள்வதுபோல, உருவத்தை வைத்தே கண்டுபிடித்திருந்தார்.

அது யாருடைய பெயரும் அல்ல. ‘ஹிக்’ என்ற இலத்தீன் சொல். ‘இங்கே’ என்று பொருள். இங்கேதான் இயேசு பிறந்தார், இங்கேதான் வாக்கு மனிதர் ஆனார் என்று எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்போ நம்ம ஊருல எங்கயும் அப்படி எழுதலையா சாமி?” என்று கேட்டார்.

சிரித்துக்கொண்டே கேட்ட கேள்விதான். ஆனால், நாங்கள் அதற்கு உடனே பதில் சொல்லவில்லை. இந்த ஞாயிறு நற்செய்தியில் இலாசரின் கல்லறைக்கு முன் ஒரு ‘இங்கே’ கேட்கிறது. அடுத்த ஞாயிறு பாடுகளின் வரலாற்றில் ஒரு ‘இங்கே’ இருக்கிறது. உயிர்ப்புப் பெருவிழாவில் இன்னும் ஒன்று வரும். எனவே, அந்தத் தாயின் கேள்விக்கு விடை தேடுவதற்கு இது நல்ல நேரம் என்று எண்ணுகிறோம்.

சொல்லின் குடும்பம்

முதலில் சொல்லைப் பார்ப்போம். இலத்தீனில் இடத்தைக் காட்டும் சொற்கள் குடும்பம் குடும்பமாக வருகின்றன. நாம் நிற்கும் இடத்தில் என்றால் ‘ஹிக்’. நாம் நிற்கும் இடத்தை நோக்கி என்றால் ‘ஹுக்’. நாம் நிற்கும் இடத்திலிருந்து என்றால் ‘ஹிங்க்’. தமிழில் “இங்கே இரு” என்கிறோம், “இங்கே வா” என்கிறோம். இரண்டுக்கும் ஒரே ‘இங்கே’ போதும். இலத்தீன் பேசியவர்களுக்கு முதல் ‘இங்கே’ வேறு, இரண்டாவது ‘இங்கே’ வேறு. கேள்வி கேட்கும்போதும் அப்படியே. எந்த இடத்தில் என்றால் ‘உபி’, எந்த இடத்துக்கு என்றால் ‘குவோ’, எங்கிருந்து என்றால் ‘உந்தே’.

இன்னொரு நுட்பமும் உண்டு. வெளியூரில் இருக்கும் மகளிடம் தொலைபேசியில், “அங்கே மழையா?” என்று கேட்கிறோம். கடலுக்குப் போன தம்பியைப் பற்றி, “அங்கே காற்று எப்படியோ?” என்று கவலைப்படுகிறோம். முதல் ‘அங்கே’ நம்மோடு பேசுகிறவர் இருக்கும் இடம். இரண்டாவது, வேறொருவர் இருக்கும் இடம். இலத்தீனில் முதலாவதற்கு ‘இஸ்திக்’, இரண்டாவதற்கு ‘இல்லிக்’ என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. பழந்தமிழிலும் இவன், அவன், உவன் என்றும், இங்கு, அங்கு, உங்கு என்றும் மூன்று இருந்தன. நம் பக்கத்தில் அந்த ‘உ’ வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழர் மட்டும் கேட்பவர் பக்கத்தில் இருப்பதை இன்றும் ‘உது’ என்கிறார்கள், கேட்பவர் இருக்கும் இடத்தை ‘உங்கை’ என்கிறார்கள்.

ஆக, ‘ஹிக்’ என்பது பேசுகிறவர் நிற்கும் இடம் மட்டுமே. தூரத்தில் இருந்துகொண்டு அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. இராயபுரத்தில் நின்றுகொண்டு பெத்லகேமைப் பற்றி ‘அங்கே’ என்றுதான் சொல்லலாம். ‘இங்கே’ என்று சொல்ல வேண்டுமானால் அந்த இடத்துக்குப் போய், அந்தக் குகைக்குள் இறங்கி, குனிந்து, தரையைத் தொட வேண்டும்.

எழுத்தில் இந்தச் சொல்லுக்கு ஓர் இரட்டைப் பிறவி உண்டு. ‘இவர்’ என்பதற்கும் இலத்தீனில் இதே மூன்று எழுத்துகள்தாம். ‘இவர்’ என்றால் குறிலாக ஒலிக்கும், ‘இங்கே’ என்றால் நெடிலாக ஒலிக்கும். எழுதும்போது வேறுபாடு தெரியாது. இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். இயேசுவின் திருமுழுக்கின்போது வானிலிருந்து வந்த குரல் அவரைச் சுட்டிக்காட்டியதே, அங்கே இருப்பது ‘இவர்’ என்ற ஹிக். மத்தேயு நற்செய்தியில், சிலுவையின் மேல் எழுதி வைத்த குற்ற அறிக்கையும் இதே ‘இவர்’ என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

பெத்லகேமும் நாசரேத்தும்

பெத்லகேம் பிறப்புக் குகையில் இருக்கும் வெள்ளி விண்மீனுக்கு 14 முனைகள். கன்னி மரியாவிடமிருந்து இயேசு கிறிஸ்து பிறந்த இடம் இதுவே என்று அதைச் சுற்றி இலத்தீனில் பொறித்திருக்கிறார்கள். 1717 என்ற ஆண்டும் அதில் இருக்கிறது. 1847-ல் அந்த விண்மீன் பெயர்த்து எடுக்கப்பட்டது. கிறித்தவ சபைகளுக்குள் அந்த இடத்தின் உரிமைபற்றி இருந்த சண்டை, நாடுகளுக்கு இடையிலான பகையாகவும் வளர்ந்தது. அப்போது ஆண்ட துருக்கி அரசு 1853-ல் புதிய விண்மீனைப் பதித்தது. அமைதியின் அரசர் பிறந்த இடத்தை ‘எங்கள் இடம்’ என்று சொல்லிக்கொள்ளச் சண்டை! ‘இங்கே’ என்ற சொல்லை உரிமைப் பத்திரமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று.

அதே குகையை ஒட்டித்தான் புனித எரோணிமுஸ் வாழ்ந்தார். 386-ம் ஆண்டு பெத்லகேமில் குடியேறி, 420-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்து திருவிவிலியத்தை இலத்தீனுக்குக் கொண்டுவந்த பெரும்பணியைச் செய்தவர் அவர். இயேசு பிறந்த மண்ணில் அமர்ந்துகொண்டு ‘ஹிக்’ என்று எத்தனை முறை எழுதியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நாசரேத்தில் இருப்பது இன்னும் சிறிய செய்தி, ஆனால் ஆழமானது. வாக்கு மனிதர் ஆனார் என்று யோவான் நற்செய்தியின் முதல் பிரிவு சொல்வதை நாம் மூவேளைச் செபத்தில் நாள்தோறும் சொல்லி வருகிறோம். உலகம் முழுவதும் அந்தச் சொற்றொடர் ஒன்றே. நாசரேத்துக் குகையின் பீடத்தில் மட்டும் அதில் ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்துப் பொறித்திருக்கிறார்கள். அந்தச் சொல்தான் ஹிக். உலகுக்கெல்லாம் பொதுவான ஓர் உண்மை, அந்த ஒரு சொல்லால் ஒரு வீட்டின் தரையில், ஒரு தெருவில், ஓர் ஊரில் வந்து இறங்குகிறது.

கடவுள் எங்கும் இருக்கிறார் என்று நம் பிள்ளைகள் மறைக்கல்வியில் முதலில் கற்கிறார்கள். ‘எங்கும்’ என்பதற்கும் இலத்தீனில் ஒரு சொல் உண்டு: ‘உபீக்வே’. திருப்பலியில் தொடக்கவுரை சொல்லும்போது, எப்பொழுதும் எங்கும் இறைவனுக்கு நன்றி கூறுவது தகுதியானது என்று குருவானவர் சொல்லும் இடத்தில் வருவது அந்தச் சொல்தான். ‘எங்கும்’ என்று சொல்வது எளிது. அதற்காக நாம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ‘இங்கே’ என்று சொல்வதுதான் கடினம். இந்தச் சமையலறையில், இந்த ஷிப்டு வேலையில், இந்தத் தெருவில், நமக்குப் பிடிக்காத இந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடத்தில் அவர் இருக்கிறார் என்று சொல்லத் துணிவு வேண்டும்.

இங்கே முழந்தாளிடுக

இந்தச் சொல்லைத் திருச்சபை தன் வழிபாட்டுப் புத்தகத்திலும் வைத்திருக்கிறது. இலத்தீன் திருப்பலிப் புத்தகத்தில் குருவானவர் சொல்ல வேண்டியவை கருப்பு எழுத்தில் இருக்கும். செய்ய வேண்டியவை சிவப்பு எழுத்தில் இருக்கும். அந்தச் சிவப்பு எழுத்துக் குறிப்புகளில் ‘ஹிக்’ என்ற சொல் வரும். அடுத்த ஞாயிறு, குருத்து ஞாயிறன்று, பாடுகளின் வரலாற்றை வாசிக்கும்போது கவனியுங்கள். இயேசு உயிர்விட்டார் என்று வாசித்தவுடன் வாசிப்பு நின்றுவிடும். அந்த இடத்தில் சிவப்பு எழுத்தில் இருக்கும் குறிப்பின் பொருள் இது: இங்கே அனைவரும் முழந்தாளிட்டுச் சிறிது நேரம் அமைதி காக்க வேண்டும்.

இந்த ‘இங்கே’ பெத்லகேமையோ எருசலேமையோ குறிக்கவில்லை. வாசிப்பில் வந்து சேர்ந்த இடத்தைக் குறிக்கிறது. ஆனால், முழந்தாள் படுவது நம் ஆலயத்தின் தரையில்தான். எண்ணூரில் என்றால் எண்ணூர் தரையில். திருவொற்றியூரில் என்றால் திருவொற்றியூர் தரையில். கல்வாரியின் ‘இங்கே’ நம் முழந்தாளுக்குக் கீழே வந்துவிடுகிறது. உலகம் முழுவதும் ஒரே புத்தகத்தின் ஒரே சொல், ஒவ்வோர் ஊரிலும் அந்தந்த ஊரின் மண்ணைத் தொடுகிறது.

கல்லறைக் கற்களின் ‘இங்கே’

நம் பக்கத்திலேயே ‘ஹிக்’ என்ற சொல்லுக்கு வேறொரு வாழ்வும் இருந்தது. ஐரோப்பியர் தம் கல்லறைகளில் இலத்தீனில் எழுதும்போது ‘ஹிக் யாச்செத்’ என்று தொடங்குவது வழக்கம். இங்கே இவர் கிடத்தப்பட்டிருக்கிறார் என்பது அதன் பொருள்.

இராயபுரத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியே தெற்கே போனால் புனித ஜார்ஜ் கோட்டை. அதற்குள் 1680-ல் அருள்பொழிவு செய்யப்பட்ட தூய மரியா ஆலயம் இருக்கிறது. ஆங்கிலேயத் திருச்சபையின் ஆலயமாகக் கட்டப்பட்டது அது. அதன் முற்றத்தில் நடந்தால் நம் காலடியில் பழைய கல்லறைக் கற்கள் வரிசையாகப் பதிந்திருப்பதைக் காணலாம். இலத்தீனிலும் வேறு மொழிகளிலும் எழுதிய கற்கள். ஆனால், அந்தக் கற்களுக்குக் கீழே அவர்கள் இல்லை. பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758–59-ல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, உயர்ந்த அந்தக் கல்லறைகள் எதிரிகளுக்கு மறைவிடமாயின. முற்றுகை முடிந்த பின் ஆங்கிலேயர் அந்த இடத்தை அகற்றித் துப்புரவாக்கி, கற்களைக் கோட்டைக்குள் கொண்டுவந்து பரப்பினார்கள்.

உடல்கள் அங்கே, கற்கள் இங்கே. ‘இங்கே இருக்கிறார்’ என்று கல் சொல்கிறது. இங்கே அவர் இல்லை. மனிதர் கல்லில் எழுதும் ‘இங்கே’ இவ்வளவுதான். போர் வந்தால் நகரும், சாலை வந்தால் நகரும். நிலைத்த நகர் நமக்கு இங்கே இல்லை என்று எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் நினைவூட்டுவதும் இதைத்தான் (எபி 13:14).

இங்கே இல்லை

இந்தப் பின்னணியில் உயிர்ப்பு நாள் காலையை நினைத்துப் பார்ப்போம். பெண்கள் நறுமணப் பொருள்களோடு வருகிறார்கள். அவர்களுடைய எண்ணத்தில் இருப்பது ‘ஹிக் யாச்செத்’தான். இங்கே கிடத்தியிருக்கிறோம், இங்கேதான் இருப்பார். வெண்ணிற ஆடை அணிந்தவர் அவர்களிடம், நீங்கள் தேடுகிறவர் இங்கே இல்லை என்கிறார். அவரை வைத்த இடத்தை மட்டும் காட்டுகிறார் (மாற்கு 16:6). கல்லறையின் மேல் எழுதிய ‘இங்கே’யை அடித்துத் திருத்தியது உயிர்ப்பு.

இங்கே இல்லை என்றால் எங்கே? அதற்கும் வானதூதர் பதில் வைத்திருக்கிறார். அவர் உங்களுக்கு முன்னே கலிலேயாவுக்குப் போகிறார், அங்கே அவரைக் காண்பீர்கள். இதைச் சீடர்களிடம் சொல்லச் சொல்லும்போது ஒருவரை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்: பேதுருவிடமும் சொல்லுங்கள் (மாற்கு 16:7).

கலிலேயா எது? கோவில் இருந்த பெருநகர் அல்ல. பேதுருவின் ஊர் இருந்த பகுதி. வலையும் படகும் மீன் நாற்றமும் இருந்த கரை. உயிர்த்த ஆண்டவரைத் தேடுகிறவர்களை வானதூதர் தொழில் செய்யும் கரைக்கே திருப்பி அனுப்புகிறார். அங்கே, இரவு முழுவதும் ஒன்றும் கிடைக்காமல் திரும்பியவர்களுக்காக, கரியினால் தீ மூட்டி, மீன் சுட்டு, அப்பத்தோடு காத்திருந்தார் ஆண்டவர் (யோவான் 21:9).

பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்று அழைத்தார்கள். இராயப்பருடைய ஊர் என்பதால்தான் இராயபுரம் என்று பெயர் வந்தது என்பார்கள். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் ஆழத்தில் நின்றன. ஆளையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தவை மசூலா படகுகள். ஆணி இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை மோதினாலும் வளைந்து கொடுக்கும், உடையாது. அந்தப் படகுகளை ஓட்டிய மக்கள் தம் உழைப்பில் சேர்த்த காசைக் கொண்டு 1829-ல் எழுப்பியதுதான் இராயபுரம் புனித இராயப்பர் ஆலயம். படகோட்டிகள் தங்கள் படகோட்டிப் புனிதரைத் தங்கள் கரைக்கே அழைத்து வந்து, ‘இங்கே’ என்றார்கள்.

“அங்கேயா இருக்கிறீர்கள்?”

இன்று நம் இளைஞர்கள் வேலைக்கு நேர்காணலுக்குப் போகும்போதும், நம் பெண்பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போதும் ஒரு கேள்வி வருவதை அறிவோம்: “அங்கேயா இருக்கீங்க?” கேட்பவர் கெட்ட எண்ணத்தில் கேட்காமலும் இருக்கலாம். ஆனால், கேட்கப்படுகிறவர் தலை சற்றுத் தாழ்கிறது. சிலர் முகவரியைச் சொல்லும்போது ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்லப் பழகிவிட்டார்கள்.

நத்தனியேல் நாசரேத்தைப் பற்றிக் கேட்டதும் இதே கேள்விதான். அந்த ஊரிலிருந்து நல்லது ஏதும் வருமா என்று கேட்டார். பிலிப்பு விவாதம் செய்யவில்லை. வந்து பாரும் என்று இரண்டே சொற்களில் பதில் சொன்னார் (யோவான் 1:46). இந்த இரண்டு சொற்களையும் மறவாமல் இருப்போம். இந்த ஞாயிறு நற்செய்தியில் இவை மீண்டும் வருகின்றன.

நம் பகுதியின் துன்பத்தை மறைத்துவிட்டு ‘இங்கே’ என்று பெருமை பேச முடியாது. டிசம்பர் 26 என்ற நாளை நம்மில் யாரும் மறக்கமாட்டோம். 2004-ம் ஆண்டு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மகிழ்ச்சி அடங்குவதற்குள் கடல் ஊருக்குள் வந்தது. 2023-லும் அதே டிசம்பர் 26. அந்த மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை. வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படலமாய்ப் படிந்தது. வலைகள் கறுத்தன. கூழைக்கடாக்களின் இறகுகள் கறுத்தன. மீன்பிடிக்கும் நம் மக்கள் படகில் போய் அந்த எண்ணெயைக் கையால் அள்ளினார்கள். அந்தக் கறை போகுமுன்னே 26-ம் தேதி நள்ளிரவில் அமோனியா வாயு கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணும் தொண்டையும் எரிய, தூங்கிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

அதற்குப் பின் வந்த நாள்களில் ஒரு கேள்வியை நாங்கள் பலமுறை கேட்டோம். கோபமாகக் கேட்டவர்களும் உண்டு, அழுதுகொண்டே கேட்டவர்களும் உண்டு. “குடில் கட்டி, ஸ்டார் மாட்டி, ராத்திரிப் பூசைக்கெல்லாம் போனோமே. அன்னிக்கு அவரு எங்க இருந்தாரு?”

மார்த்தாவின் ‘இங்கே’

இந்த ஞாயிறு நற்செய்தியில் மார்த்தா கேட்பதும் இதுதான். சகோதரன் இலாசர் நோயுற்றபோதே ஆள் அனுப்பியாயிற்று. ஆண்டவர் வரவில்லை. வந்தபோது இலாசர் கல்லறைக்குப் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. மார்த்தா எதிர்கொண்டு போய், நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டானே என்கிறார். மரியாவும் வந்து அதையே சொல்கிறார் (யோவான் 11:21, 32). இலத்தீன் விவிலியத்தில் அந்த இரண்டு இடங்களிலும் இருக்கும் சொல் ஹிக். நீர் ‘எங்கும்’ இருக்கிறவர் என்பது எங்களுக்குத் தெரியும். ‘இங்கே’ ஏன் இல்லை?

இயேசு அவர்களைக் கண்டிக்கவில்லை. இப்படிப் பேசலாமா என்று கேட்கவில்லை. மார்த்தாவோடு உயிர்ப்பைப் பற்றிப் பேசுகிறார், உண்மைதான். ஆனால், மரியா அழுவதைக் கண்டதும் விளக்கம் எதுவும் சொல்லாமல் ஒரு கேள்வி மட்டும் கேட்கிறார்: அவனை எங்கே வைத்தீர்கள்? நாம் முன்பு பார்த்த ‘உபி’ என்ற சொல் இது. ‘நீர் எங்கே இருந்தீர்’ என்று நாம் அவரைக் கேட்கிறோம். ‘உங்கள் துயரம் எங்கே இருக்கிறது’ என்று அவர் நம்மைக் கேட்கிறார்.

அவர்கள் சொன்ன பதில்: வந்து பாரும் (யோவான் 11:34). பிலிப்பு நத்தனியேலிடம் சொன்ன அதே சொற்கள். அன்று கடவுளின் மகனைப் பார்க்க மனிதரை அழைத்த சொற்கள், இன்று மனிதரின் துயரத்தைப் பார்க்கக் கடவுளின் மகனை அழைக்கின்றன. அதைக் கேட்டதும் இயேசு கண்ணீர் விட்டு அழுதார். கல்லறை வாயிலுக்கு வந்தார். நாற்றம் எடுக்குமே என்று மார்த்தா தயங்கியபோதும், கல்லை அகற்றச் சொன்னார்.

இதுதான் நாம் இன்று எடுத்துச் செல்ல வேண்டிய செய்தி. கடவுளை நோக்கி, “இங்கே வந்து பாரும்” என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. நாற்றம் எடுக்கும் இடத்தைத் துடைத்து, மறைத்து, மாலை போட்டுவிட்டு அவரை அழைக்கத் தேவையில்லை. எண்ணெய் படிந்த வலையை அப்படியே காட்டலாம். நெபுலைசர் வைத்துத் தூங்கும் பிள்ளையை அப்படியே காட்டலாம். குடித்துவிட்டு வந்து விழும் கணவனை, மதிப்பெண் குறைந்து அறைக்குள் அடைந்துகிடக்கும் மகனை, யாரிடமும் சொல்லாத கடனை அப்படியே காட்டலாம். செபம் என்பது ‘இங்கே’ என்று விரல் நீட்டிக் காட்டுவதுதான்.

காட்டிய பின் இன்னொன்றும் நடக்கும். கல்லை அகற்றுங்கள் என்று அவர் சொன்னது அங்கே நின்றிருந்த மனிதர்களிடம். இலாசரை எழுப்பியவருக்கு அந்தக் கல்லைத் தள்ளத் தெரியாதா? இருந்தும் அவர்கள் கையால் அகற்றச் சொன்னார். நம் காற்றையும் நீரையும் கெடுப்பவற்றைப் பற்றி மனுக் கொடுப்பதும், கூட்டத்தில் எழுந்து பேசுவதும், அன்பியத்தில் ஒன்றுகூடி மூச்சுத்திணறல் உள்ளவர்களின் வீடுகளைக் கணக்கெடுப்பதும், அமைப்புகளின் கதவைச் சலிக்காமல் தட்டுவதும் அந்தக் கல்லை அகற்றும் வேலைதான். வாக்கு மனிதர் ஆனது ‘இங்கே’ என்றால், நாம் விடும் மூச்சு அவருக்கும் உரியது. அதைக் கெடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

போகிறவர்களும் இருப்பவர்களும்

ஒரு கேள்வி எழலாம். பிள்ளைகளின் உடல்நலத்துக்காக இங்கிருந்து வீடு மாறிப் போனவர்கள் செய்தது தவறா? நிச்சயமாக இல்லை. திருக்குடும்பமே குழந்தையைக் காப்பாற்ற இரவோடு இரவாக எகிப்துக்குப் போனது. அப்படிப் போனவர்களும் நம் பங்கின் பிள்ளைகளே. அவர்களை நாம் குறை சொல்ல வேண்டாம். அவர்களும் ஊர்ப்பெயரைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

இராயப்பரைப் பற்றி ஒரு பழைய மரபு உண்டு. உரோமையில் துன்புறுத்தல் வந்தபோது அவர் நகரைவிட்டு வெளியேறினாராம். வழியில் ஆண்டவர் எதிரே வந்தார். எங்கே போகிறீர் ஆண்டவரே என்று பேதுரு கேட்டார். அந்தக் கேள்வியில் இருப்பது நாம் பார்த்த ‘குவோ’ என்ற சொல். மீண்டும் சிலுவையில் அறையப்பட உரோமைக்குப் போகிறேன் என்று ஆண்டவர் சொன்னதும், பேதுரு திரும்பி நடந்தார் என்பது கதை. இது நற்செய்தியில் இல்லை, மரபாகச் சொல்லிவருவது. ஆனால், ஓர் உண்மை இதில் இருக்கிறது. நாம் விட்டுவிட்டு ஓட நினைக்கும் இடத்தை நோக்கித்தான் ஆண்டவர் எதிரே வந்துகொண்டிருக்கிறார். வீடு மாறினாலும் மாறாவிட்டாலும், நாம் விட்டு ஓடுகிற ஏதோ ஒன்று நம் எல்லாருக்கும் உண்டு. பேசாமல் விட்டுவிட்ட ஓர் அண்ணன், போய்ப் பார்க்காத ஒரு நோயாளி, கேட்காத ஒரு மன்னிப்பு. இந்தத் தவக்காலத்தின் எஞ்சிய நாள்களில் அந்த இடத்துக்குத் திரும்பி நடக்கலாம்.

அன்பார்ந்தவர்களே, அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். நம் ஊரில் எங்கேயாவது அப்படி எழுதியிருக்கிறதா? ‘இவர்’ என்பதற்கும் ‘இங்கே’ என்பதற்கும் இலத்தீனில் ஒரே எழுத்துகள் என்று பார்த்தோம். எழுத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. நம் நம்பிக்கையும் அப்படித்தான். ‘இவர்’ யார் என்று தெரிய வேண்டுமானால் ‘இங்கே’ பார்க்க வேண்டும். நற்கருணைப் பேழைக்கு அருகே அணையாமல் எரியும் விளக்கு அதைத்தான் சொல்கிறது. ஆலயத்திலிருந்து வெளியே வந்தால், விடியற்காலை காசிமேட்டில் கூடை சுமந்து நிற்கும் பெண்ணின் முகம் அதைத்தான் சொல்கிறது. அந்தத் தாயின் முகமும்தான். வெள்ளியில் பொறிக்கவில்லை, அவ்வளவே.

அடுத்த ஞாயிறு பாடுகளின் வாசிப்பில் நாம் முழந்தாளிடும் அந்தச் சில நொடிகளில், தரையைத் தொட்டு, மனத்துக்குள் ‘இங்கே’ என்று ஒருமுறை சொல்லிப் பார்ப்போம்.

இலாசரின் கல்லறை முன் அழுத ஆண்டவரே, எங்கள் துயரம் எங்கே இருக்கிறது என்று நீர் கேட்கிறீர். எங்கள் வீடுகளுக்கும், எங்கள் கரைக்கும், எங்கள் காற்றுக்கும் உம்மை அழைக்கிறோம். வந்து பாரும். எங்களோடு இங்கே இரும். எங்கள் கையால் அகற்ற வேண்டிய கல்லை அகற்ற எங்களுக்கு வலிமை தாரும். ஆமென்.